ஊரெல்லாம் சாக்ஸ்

குழாய்க்காரருடைய சட்டைகள் கொடியிலிருந்து காணாமல் போக ஆரம்பித்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது. திருடன் யார் என்பதுதான் பிடிபடவில்லை.

அதுவும் ரசனை கெட்ட திருடன். விசேஷத்துக்குப் போட்டுக்கொள்கிற வெள்ளைச் சட்டை அதே கொடியில் ஆடிக்கொண்டிருக்கும். அதைத் தொட மாட்டான். பக்கத்தில் தொங்கிய, கழுத்துப்பட்டை நைந்துபோன பழைய பருத்திச் சட்டை மட்டும் மாயமாகியிருக்கும். கிளிப் இருக்கும், சட்டை இருக்காது. கிளிப்பைக் கழற்றித் திரும்பக் கொடியிலேயே மாட்டிவிட்டுப் போகிற அளவுக்கு ஒழுங்கான திருடன்.

வேலைக்குப் போடுகிற சட்டை குழாய்க்காரருக்குச் சாதாரண விஷயமில்லை. புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு சாக்கடைத் தொட்டிக்குள் கையை விட முடியுமா? விறைப்பாக நிற்கும், அக்குளில் பிடிக்கும். துவைத்துத் துவைத்து மொரமொரப்பெல்லாம் போய், கையை மடக்கினால் மடங்கி நீட்டினால் நீளுகிற பதத்துக்கு ஒரு சட்டை வர வருஷக்கணக்கில் ஆகும். அந்தப் பதம் வந்த கையோடு அது காணாமல் போனால் வயிறு எரியுமா எரியாதா?

"காத்துல பறந்திருக்கும்ங்க," என்றாள் மனைவி. ஆயத்த உடைகள் தைக்கிற இடத்தில் பட்டன் கட்டுகிற வேலை அவளுக்கு. நாள் முழுக்கச் சட்டைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு, வீட்டிலும் சட்டைப் பேச்சு என்றால் எரிச்சல்.

"காத்துக்கு கிளிப் கழட்டத் தெரியுமா?"

"லூசா இருந்திருக்கும்."

"பழைய சட்டை மேல மட்டும் அடிக்கிற காத்து. நல்ல காத்துதான்."

"எந்த வீட்ல கழட்டிப் போட்டுட்டு வந்தீங்களோ. யாருக்குத் தெரியும்."

"நான் என்ன வீட்டுக்கு வீடு சட்டையைக் கழட்டிட்டா திரியறேன்? அந்த மாடிவீட்டுக்காரன் மேலதான் எனக்கு சந்தேகம். நேத்து வண்டி துடைச்சிக்கிட்டு இருந்தான். துணியைக் கிட்டப் போய்ப் பார்த்தேன்."

"பார்த்தா?"

"பனியன் துணி. தப்பிச்சான்."

ஒன்பதாவது படிக்கிற மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டதிலிருந்து வகுப்பில் யார் யாரோடு பேசவில்லை என்பதுவரை எல்லாவற்றுக்கும் வாய் ஓயாத பெண், சட்டைப் பேச்சு வந்தால் மட்டும் பருப்பில் கல் தேடுவதுபோல் குனிந்துவிடுவாள். குழாய்க்காரர் இதைக் கவனித்திருக்கலாம். ஆனால் அவர் பூட்டுப் போட்ட கிளிப் கடையில் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் அடைப்பெடுக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. நீளக் கம்பிச் சுருள், ரப்பர்க் கிண்ணம் பொருத்திய கட்டை, மூடி போட்ட ஒரு வாளி, இவ்வளவுதான் அவருடைய சொத்து. கையுறை போட்டால் குழாயோடு பேச முடியாது என்பார். முழங்கைவரை வெறுங்கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே துழாவுவார். எடுத்த சாமான்களைப் பற்றி வீட்டில் சாப்பிட உட்கார்ந்துகூடப் பேசுவார். யாரோ ஒரு பெரியவரின் பல் செட் குழாய்க்குள்ளிருந்து சிரித்த கதையை அவர் சொல்லி, அன்றைக்குச் சோறு இறங்காமல் எழுந்த விருந்தாளிகள் உண்டு. கூச்சம் என்பது அவருக்கு மருந்துக்கும் கிடையாது.

ஒரே ஒரு சாமானைத் தவிர.

அது ஆரம்பித்தது வங்கிக் காசாளர் வீட்டில். அடைப்பை எடுத்து வாளியில் போடும்போது காசாளர் தலைமாட்டில் நின்றுகொண்டு, "என்னய்யா அது?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் காசாளரின் மனைவி நிற்பது தெரிந்தது. பாதி முகம்தான் தெரிந்தது. அந்தப் பாதி முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும் குழாய்க்காரர் வாளியை மூடினார். எதையாவது சொல்ல வேண்டும். காசாளரின் காலில் சாக்ஸ் தெரிந்தது.

"சாக்ஸ் சார்."

"சாக்ஸா?"

"ஆமா சார். ஒத்தை சாக்ஸ். துவைக்கிறப்ப தண்ணியோட போயிருக்கும்."

கதவுக்குப் பின்னால் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. அன்றைக்குத் தேநீரோடு பிஸ்கட்டும் வந்தது. காசாளர் எதையும் வேரோடு தீர்க்கிற மனிதர். அன்றோடு அந்த வீட்டில் சாக்ஸையே ஒழித்தார். பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவுக்குள் வெறுங்காலை விட்டுக்கொண்டு வங்கிக்குப் போக ஆரம்பித்தார். மழைக்காலத்தில் அவர் வருவது தெரு முனையிலேயே கேட்கும், கிச் கிச் என்று.

ஒரு வீட்டில் வேலை செய்த பொய் இன்னொரு வீட்டில் வேலை செய்யாதா? குழாய்க்காரர் அதையே எல்லா வீட்டிலும் சொன்னார். பேக்கரிக்காரர் வீட்டில் சாக்ஸ். தபால்காரர் வீட்டில் சாக்ஸ். ஆண்கள் யாராவது எட்டிப் பார்ப்பதற்குள் வாளியை மூடிவிடுவார், கேட்டால் சாக்ஸ். ஊரில் பாதிப் பேர் செருப்போடு திரிகிறவர்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. தன் வீட்டுச் சாக்கடையில் என்ன வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரனிடம் யார் பேசப்போகிறார்கள்? பெண்களுக்குத் தெரியும். அவர்கள் மூச்சு விடவில்லை. கடைத்தெருவில் அவரைப் பார்த்தால், "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்று ஒரு மரியாதையோடு கேட்டுவிட்டுப் போவார்கள். தன் தொழில் தர்மத்திலேயே உயர்ந்தது இதுதான் என்று குழாய்க்காரர் மனதுக்குள் கொஞ்சம் பெருமையாகவே நினைத்திருந்தார்.

பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் கழிப்பறை அடைத்தபோதும் அதையே சொன்னார். பள்ளிக்கூடம் ஒரு சட்டம் போட்டது. கழிப்பறைக்குப் போகிறவர்கள் சாக்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வாசலில் சாக்ஸ் மாட்ட ஆணிகள் அடித்தார்கள். அப்படியும் அடைத்தது.

மழை விட்டிருந்த ஒரு காலையில் மறுபடியும் கூப்பிட்டார்கள். மைதானம் முழுக்கச் சேறு. கழிப்பறைக்குப் பின்னால் இரும்பு மூடியைக் கடப்பாறையால் நெம்பிக்கொண்டிருந்தபோது, கிச் கிச் என்று சத்தம் கேட்டது. பெற்றோர் சங்கத் தலைவராகவும் இருந்த காசாளர், பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலைமை ஆசிரியையைப் பின்னால் விட்டு வந்துகொண்டிருந்தார்.

"இன்னைக்கு நான் நேர்ல பார்க்கப் போறேன்," என்றார். "சாக்ஸைக் கழட்டி வெளியே மாட்டிட்டுப் போற கக்கூஸ்ல எப்படிய்யா சாக்ஸ் அடைக்கும்?"

"நாத்தம் தாங்காது சார். நீங்க தள்ளி நில்லுங்க."

"பரவாயில்லை. எடு."

தலைமை ஆசிரியை குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சுற்றுச்சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றுமில்லை.

குழாய்க்காரர் குப்புறப் படுத்துக் கையை விட்டார். விரலில் துணி மாட்டியது. இழுத்தார், மெதுவாக, கிழியாமல். வெளியே வந்ததும் வாளியை நோக்கி வீசினார். காசாளர் வாளியின் மூடி மேல் காலை வைத்திருந்தார்.

"மூடாதே. இரு. நீலக் கலர்ல கட்டம் போட்டிருக்கு. இது என்ன, பாக்கெட்டா? சாக்ஸுக்கு எப்பய்யா பாக்கெட் வச்சாங்க?"

குழாய்க்காரர் பார்த்தார். நீலக் கட்டம். பட்டன் வைத்த பாக்கெட். பாக்கெட்டின் ஓரத்தில் குழாய் ஒட்டுகிற பசை சொட்டி இறுகிப்போன மஞ்சள் பொட்டு. அந்தப் பொட்டு விழுந்த நாள்கூட அவருக்கு நினைவிருந்தது, பேக்கரிக்காரர் வீட்டு மொட்டைமாடியில். துப்பு துலங்கிவிட்டது. ஆனால் திருடனைப் பிடித்த சந்தோஷம் வரவில்லை. காது மட்டும் ஙொய்யென்று இரைந்தது.

"இதை அலசி டீச்சர்கிட்ட குடு," என்றார் காசாளர். "நாளைக்குக் காலையில பிரேயர்ல தூக்கிக் காட்டுவோம். எந்த வீட்டுத் துணின்னு புள்ளைங்களே சொல்லிடும்."

"அது வேண்டாமே சார்," என்றார் தலைமை ஆசிரியை, சுவரிடம்.

"ஏன் வேண்டாம்? ஒருத்தரைப் பிடிச்சாத்தான் மத்தவங்களுக்குப் பயம் வரும்."

"சார்," என்றார் குழாய்க்காரர். "அது என் சட்டை."

"என்னது?"

"என்னோட சட்டைதான் சார். போன தடவை வந்தப்ப கை துடைக்க வச்சிருந்தேன். உள்ளேயே விட்டுட்டேன் போல."

இத்தனை வருஷத்தில் சாக்கடைப் பக்கத்தில் நின்று அவர் சொன்ன முதல் உண்மை அது. பாதி உண்மையாவது. பொய் சொன்னபோதெல்லாம் தேநீர் வந்தது. உண்மையைச் சொன்னதும் மாட்டிக்கொண்டார்.

"ஓகோ," என்றார் காசாளர். "நீயே அடைப்பே, நீயே எடுப்பே. நல்ல பிழைப்பு. நாளைக்கு சாயங்காலம் கூட்டம் இருக்கு, அங்க வந்து பதில் சொல்லு. டீச்சர், வேற ஆள் கிடைக்கிறவரைக்கும் பொண்ணுங்க கக்கூஸைப் பூட்டிட வேண்டியதுதான். கூட்டத்துல அதையும் முடிவு பண்ணிடலாம்."

மத்தியானத்துக்குள் செய்தி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பேக்கரியில் தொட்டி வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போனபோது, "அடுத்த வாரம் பார்க்கலாம்," என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். குழாய்க்காரர் நேரே வீட்டுக்கு வந்தார். அந்தத் துணியைச் சோப்புப் போட்டு அலசினார். பாக்கெட்டை நீவிவிட்டு, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினார். எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் மகள் புத்தகப் பையோடு உள்ளே வந்தாள். கொடியைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"சட்டை திரும்ப வந்துடுச்சு," என்றார் குழாய்க்காரர். "பாக்கெட் மட்டும். மீதி எங்க?"

அவள் ஷூவைக் கழற்றாமல் நின்றாள். பிறகு மெல்ல, "கிளாஸ்ல இருக்குப்பா," என்றாள்.

"கிளாஸ்லயா?"

"பாதிப் பேர்கிட்ட."

அந்த நேரம் பார்த்துத் தலையெல்லாம் நூல் துணுக்குகளோடு மனைவி உள்ளே நுழைந்தாள். கொடியில் ஒரு பாக்கெட் தனியாகக் காய்வதையும், அதன் முன்னால் புருஷனும் மகளும் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப்போல் நிற்பதையும் பார்த்தாள். "என்ன நடக்குது இங்க?" என்றாள்.

"உன் பொண்ணைக் கேளு."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ மாசத்துக்கு ஒரு பாக்கெட் நாப்கின் வாங்கறம்மா. நீயும் நானும் பங்கு போட்டுக்கிறோம். எனக்குக் கடைசி நாள் பத்தாது. சிலதுங்களுக்கு அதுவும் இல்லை. எங்க கிளாஸ் கணக்குப்புலி இருக்காளே, அவ வீட்ல வாங்கவே மாட்டாங்க. அவ சாக்குத்துணி மாதிரி என்னத்தையோ வச்சிக்கிட்டு வந்து நடக்கவே முடியாம நடப்பா. அதான் முதல்ல அவளுக்கு ஒண்ணு வெட்டிக் குடுத்தேன். அப்பா சட்டைதான் மெத்துன்னு இருக்கு. அப்புறம் மத்ததுங்களும் கேட்டுச்சு."

"போதும், போதும்," என்று குழாய்க்காரர் இரண்டு கையையும் தூக்கினார்.

"என்ன போதும்?" என்றாள் மனைவி. "முழங்கை வரைக்கும் கையை விடுவீங்க. காதுல கேக்க மட்டும் கூச்சமா? நீ சொல்லு."

"எங்க போடறதுன்னுதாம்மா தெரியலை. அங்க ஒரு தொட்டிகூட இல்லை. பையில வச்சிக்கிட்டா பசங்க பையைப் பிடுங்கி விளையாடுவானுங்க. அதான் யாரோ உள்ளேயே போட்டுட்டாங்க. நான் போடலை. சத்தியமா நான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுவேன்."

"பூட்டப் போறாங்களாம்," என்றார் குழாய்க்காரர். அதைத்தான் அவரால் சொல்ல முடிந்தது.

மகள் நிமிர்ந்தாள். "பூட்டினா நான் போகமாட்டேன்பா."

"அது எப்படிப் போகாம இருப்பே?"

"எப்படிப் போவேன்? காலையில போயிட்டு சாயங்காலம் வர்ற வரைக்கும்? இப்பவே மாசா மாசம் வயித்துவலின்னு வீட்ல இருந்துடறேன், உங்களுக்குத் தெரியாது. கணக்குப்புலி ஏன் வர்றதில்லைன்னு நினைக்கிறீங்க? பாவாடையில பட்டுடுச்சு. பின்பெஞ்சுப் பசங்க பார்த்துட்டானுங்க. அவ்வளவுதான். இப்ப வீட்ல காய் நறுக்கிட்டு இருக்கா. டீச்சரே அவகிட்ட சரிபார்த்துக்கிட்டுத்தான்பா போர்டுல விடை எழுதுவாங்க."

அவள் குரல் உடைந்தது. குழாய்க்காரருக்கு எழுந்து போய் அவள் தலையில் கை வைக்க வேண்டும்போல் இருந்தது. கையைப் பார்த்தார். சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். இருந்தாலும் சட்டையில் ஒருமுறை துடைத்துக்கொண்டுதான் வைத்தார்.

மனைவி சுவரோரமாக உட்கார்ந்தாள். "பள்ளிக்கூடத்துல என்ன அடைச்சிருக்குன்னு நீங்க இத்தனை நாள் என்ன சொன்னீங்க?"

"சாக்ஸ்னு சொன்னேன்."

"என்னது?"

"அங்க மட்டும் இல்லை. எல்லா வீட்லயும் அதான் சொல்றது. பொம்பளைங்க மானம் போகக் கூடாதுன்னு."

"ஊர் பூராவுமா?"

"பூரா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவர் பயந்தார். அவள் சிரித்துச் சிரித்து, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாள். "எங்க வேலை செய்யற இடத்துல ஒவ்வொருத்தியும் உன் வீட்டுக்காரர் தங்கமானவரு தங்கமானவருன்னு சொல்லுவாளுங்க. எதுக்குன்னு தெரியாமலே நானும் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேனே." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது சிரிப்பு போயிருந்தது. "தங்கமானவரு பண்ண வேலையைப் பாருங்க. ஒவ்வொரு கூட்டத்துலயும் நாங்க நாலு பேரு போய்க் கேக்கறோம். மூடி போட்ட தொட்டி வைங்க, ஒரு அலமாரி வைங்க, நாங்களே பணம் போட்டு நாப்கின் வாங்கி வைக்கிறோம், இல்லாத புள்ளை எடுத்துக்கட்டும்னு. எங்க விஷயம் எப்பவும் கடைசியிலதான் இருக்கும். அதுக்குள்ள டீ வந்துடும், கூட்டம் கலைஞ்சிடும். போன தடவை டீக்கு முன்னாடியே தொட்டிப் பேச்சை எடுத்தேன். சாக்ஸுக்கு எதுக்கும்மா தொட்டின்னு கேட்டாரு உங்க காசாளர். எனக்கு ஒண்ணுமே புரியலை. இப்ப புரியுது."

குழாய்க்காரர் கொடியில் தொங்கிய பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"நாளைக்குக் கூட்டத்துக்கு வந்து சொல்லுங்க," என்றாள் மனைவி.

"ஆம்பளைங்க நடுவுலயா?"

"அங்கதான் சொல்லணும். பொம்பளைங்களுக்குத்தான் தெரியுமே."

"என்னால முடியாது. உன் பேரைச் சொல்லு, உன் கூட்டத்தைச் சொல்லு, என்ன வேணா பண்ணு. என்னை விட்டுடு."

"அப்பா," என்றாள் மகள். "என் பேர் சொல்ல வேண்டாம். யார் பேரும் வேண்டாம். அது சாக்ஸ் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

மறுநாள் கூட்டம் பள்ளியின் நீளமான வகுப்பறையில். பெஞ்சுகள் பிள்ளைகளுக்கு அளவெடுத்தவை. பெரியவர்கள் முட்டியைத் தாடைக்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. ஜன்னலோரம் தேநீர்ப் பாத்திரம் தயாராக இருந்தது. மனைவியும் அவளோடு வேலை செய்கிற பெண்களும் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். குழாய்க்காரர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். வேறு சட்டை மிச்சமில்லை. பள்ளி வேன் ஓட்டுகிற அவருடைய மச்சினன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கவலைப்படாதீங்க மாமா. நான் இருக்கேன்," என்றான்.

காசாளர் தொண்டையைச் செருமினார். கழிப்பறை அடைப்பு. குழாய்க்காரரின் நடத்தை. பூட்டுப் போடுதல். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். "முதல்ல சாக்ஸ்னு சொன்னாரு. நம்பினோம். ஆணி அடிச்சோம். இப்ப என் சட்டைங்கறாரு. ஆக, இத்தனை நாளா அடைச்சது யாரு? தொழில் நடக்கணும்னு இவரே அடைச்சிருக்காரு."

மச்சினன் துள்ளி எழுந்தான். "எங்க மாமா அப்படிப்பட்டவர் இல்லை சார். அடைப்புன்னா அவர் பொய்யே சொல்லமாட்டாரு. போன வருஷம் எங்க வீட்ல அடைச்சப்பகூட, சொந்த மச்சான்னுகூடப் பார்க்காம, உள்ளதை உள்ளபடி சாக்ஸ்னு முகத்துக்கு நேரா சொன்னாரு."

முன்வரிசையில் யாரோ ஒரு பெண் களுக்கென்றாள்.

"உங்க வீட்லயும் சாக்ஸா?" என்றார் காசாளர்.

"ஆமா சார். அதுல எனக்கு வந்த கஷ்டம் எனக்குத்தான் தெரியும். நான் பிறந்ததுலேர்ந்து செருப்புதான். அப்ப எவன் சாக்ஸ் அதுன்னு என் பொண்டாட்டிகிட்ட கேட்டேன். அவ பதிலே சொல்லலை. எவனோ வீட்டுக்கு வந்து போறான்னு ஒரு மாசம் சோறு தண்ணி இல்லாம வாசல்ல உக்காந்து காவல் காத்தேன்."

"காத்துல உக்காந்தா உடம்புக்கு நல்லதுன்னு சொன்னியேய்யா," என்று முன்வரிசையிலிருந்து அவன் மனைவி கேட்டாள்.

"எங்க வீட்லயும் சாக்ஸ்னுதான் சொன்னாரு," என்றார் பேக்கரிக்காரர் யோசனையாக.

"எங்க வீட்லயும்தான்," என்றார் தபால்காரர். "நான் பையனைப் போட்டு அடிச்சேன்."

ஆண்கள் ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள். பெஞ்சுக்கு அடியில் வரிசையாகச் செருப்புகள். காசாளரின் ஷூ மட்டும் தனியாக மின்னியது. அதற்கு மேலே வெறும் கணுக்கால். அவர் தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை மழைக்காலம் கிச் கிச் என்று நடந்தோம் என்பதை நினைத்திருக்க வேண்டும். பெண்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் முந்தானையோ கைக்குட்டையோ எதையோ வாயில் வைத்து அழுத்தியிருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த காசாளரின் மனைவிக்கு அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"யோவ்," என்றார் காசாளர். குரல் இறங்கியிருந்தது. "அது சாக்ஸ் இல்லைன்னா, வேற என்னதான்யா அது?"

குழாய்க்காரர் எழுந்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு சட்டைப் பட்டனைத் திருகினார்.

"நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றாள் மனைவி.

"நானே சொல்றேன்." சுற்றிலும் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் மகள் நின்றிருந்தாள். "பொம்பளைங்களுக்கு மாசா மாசம் வருதே. அந்தத் துணி. நாப்கின்."

ஒன்றும் ஆகவில்லை. விசிறி அதே மாதிரி சுற்றியது. தேநீர்ப் பாத்திரத்திலிருந்து அதே மாதிரி ஆவி வந்தது. ஒரு வார்த்தை வெளியே வந்ததும் பின்னாலேயே மற்றதெல்லாம் அடைப்பெடுத்த குழாய் மாதிரி வந்தது.

"எல்லா வீட்லயும் அதான் சார். உங்க வீடு, எங்க வீடு, எல்லாம். நான்தான் சொல்ல வெக்கப்பட்டு சாக்ஸ் சாக்ஸ்னு சொல்லிட்டேன். சட்டை என்னோடது, அது நிஜம். துணி வாங்க முடியாத புள்ளைங்க கிழிச்சுக் கட்டிக்கிட்டு வந்திருக்கு. போடறதுக்கு இடம் இல்லாம உள்ளே போட்டிருக்கு. குழாய் நல்லாத்தான் இருக்கு. பூட்டு எதுக்கு? பூட்டினா புள்ளைங்க படிப்பு நின்னுடும் சார். ஒரு புள்ளை நின்னுடுச்சு. கணக்குல கெட்டிக்காரப் புள்ளை. ஒரு துணி இல்லாம, ஒரு தொட்டி இல்லாம நின்னுடுச்சு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தலைமை ஆசிரியை மெதுவாக எழுந்தார். "எனக்கு மொதல்லயே தெரியும்," என்றார். "அவர் சாக்ஸ்னு சொன்னப்ப, தப்பிச்சோம்டான்னு நானும் அதையே பிடிச்சுக்கிட்டேன். ஆணி அடிக்கச் சொன்னதுகூட நான்தான். அந்த ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே சிரிப்பா வரும். அழுகையாவும் வரும்."

மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு மாசம், மாமா. ஒரு மாசம் காவல் காத்தேன்."

அதற்கு மேல் பெண்களால் முடியவில்லை. முன்வரிசையில் வெடித்த சிரிப்பு பின்வரிசைவரை போனது. பேக்கரிக்காரர் சிரித்தார். தபால்காரர், பையனை நினைத்தோ என்னவோ, சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டுச் சிரித்தார். கடைசியாகக் காசாளரின் முகமும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவர் மனைவியைப் பார்த்தார். "கவலைப்படாதீங்க," என்றாள் அந்த அம்மாள். "நாளைக்கே ஒரு ஜோடி வாங்கித் தர்றேன்."

தேநீர் கொடுக்க வந்த ஆளைக் குழாய்க்காரரின் மனைவி கை காட்டி நிறுத்தினாள். "இன்னைக்கு எங்க விஷயம் முடிஞ்ச அப்புறம்தான் டீ," என்றாள். ஒருவரும் மறுக்கவில்லை.

மூடி போட்ட தொட்டிகள் வந்தன. தலைமை ஆசிரியை தன் அறை அலமாரியைக் காலி செய்து கழிப்பறைக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். அதில் பட்டன் கட்டுகிற பெண்கள் முறை வைத்து நாப்கின் பாக்கெட்டுகளை நிரப்பினார்கள். பேக்கரிக்காரர் அவற்றை ரொட்டியோடு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஆரம்பத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடி எடுத்துவந்தார், பிறகு துண்டை மறந்துவிட்டார். சாக்ஸ் ஆணிகளில் பிள்ளைகள் குடை மாட்டினார்கள். தொட்டிகளை வாரந்தோறும் எடுத்துச் சுத்தம் செய்கிற வேலை குழாய்க்காரருக்கு வந்தது. கணக்குப்புலியின் வீட்டுக்கு அவருடைய மனைவியும் தலைமை ஆசிரியையும் பல நடை நடந்தார்கள். அவளுடைய அப்பா கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு காலையில் வேனில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்ததாக மச்சினன் வந்து சொன்னான்.

கொடியில் சட்டை மறுபடியும் தங்க ஆரம்பித்தது. புதுச் சட்டைகள்தான், இன்னும் விறைப்பாக நின்றன.

ஒருநாள் காலை அவர் கம்பிச் சுருளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். தெருவில் எல்லோரும் வேலைக்குக் கிளம்புகிற நேரம். மாடிவீட்டுக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் புத்தகப் பையோடு வாசலைத் தாண்டி, கொஞ்சம் தூரம் போய், திரும்பி நின்றாள்.

"அப்பா," என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். "சாயங்காலம் வரும்போது நாப்கின் வாங்கிட்டு வாங்க. அம்மாகிட்ட தீர்ந்துடுச்சு."

மாடிவீட்டுக்காரரின் கை துடைப்பதை நிறுத்தியது. குழாய்க்காரருக்குக் காது மடல் சூடானது. ஒரு நிமிஷம் சைக்கிள் செயினைப் பார்த்தார். இது மகளுக்கு வயிற்றுவலி வருகிற நாளாக இருக்கும் என்றும், அவள் வீட்டில் தங்காமல் புத்தகப் பையோடு தெருவில் நிற்கிறாள் என்றும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நிமிர்ந்தார். கடைக்குப் போனால் கேட்பார்கள், முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

"எந்த சைஸ்?" என்று அவரும் தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.